டீபியாகவே இருக்கட்டும்

தன்னைப் பற்றி யாராவது ஒரு குறை சொல்ல வாயெடுத்தால், அக்கா முந்திக்கொண்டு அதைத் தானே சொல்லிவிடுவாள். "நீங்க ஏன் சிரமப்படணும், நானே சொல்லிர்றேன்" என்றுதான் தொடங்குவாள். முதன்முதலாக என் த்ரீவீலில் ஏறிய அன்றும் அப்படித்தான். திகன சந்தியில் வண்டியை நிறுத்தியிருந்தேன். நல்ல வெயில். ஸ்வெட்டர் போட்டு, கழுத்தைச் சுற்றி ஒரு துவாயும் கட்டிக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள்.

"கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகணும் தம்பி. நீங்க கேக்க முன்ன நானே சொல்லிர்றேன். எனக்கு காய்ச்சல். வழியில வயித்தப் பிரட்டி சத்தி வந்தாலும் வரும், அதுக்கு பேக் கொண்டாந்திருக்கேன். கழுத்துல இருக்கிறது கட்டி. டீபியா இருக்கலாம்னு சொல்றாங்க. பயமா இருந்தா இப்பவே சொல்லிருங்க, பஸ்ல போய்க்கிறேன். ஆனா பஸ்ல இருக்கிற அத்தனை பேருக்கும் இதையே திரும்பச் சொல்லணும், அதுதான் யோசிக்கிறேன்."

நான் ஆட்களோடு சட்டென்று பேசிப் பழகியவன் இல்லை. "ஏறுங்க" என்றேன். குண்டசாலை தாண்டும் வரை அவளே பேசினாள். பிறகு முன்னால் குனிந்து கேட்டாள்.

"தம்பிக்கு வாய் இருக்கா, இல்ல ஹோர்ன் மட்டும்தானா?"

அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. அது அவளுக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. அதன் பிறகு கிளினிக் போகிற ஒவ்வொரு நாளும் எனக்குத்தான் போன் எடுப்பாள்.

அவள் திகனயில் ஒரு முஸ்லிம் வீட்டின் பின்பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்தாள். சொந்த இடம் ஹுன்னஸ்கிரிய பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தவர். அவர் நோயில் செத்து மூன்று வருடமாகியிருந்தது. அதன் பிறகுதான் அவள் மகளையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி, திகனயில் மிளகாய்த்தூள் பொதி செய்யும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

அந்த வேலையிடத்தில் நடந்ததை அவளே நடித்துக் காட்டினாள். கட்டி டீபிதான் என்று சொன்ன மறுநாள், சாப்பாட்டு நேரத்தில், பொதி மூட்டைக்கு மேல் ஏறி நின்றாளாம்.

"எல்லாரும் கேளுங்க. எனக்கு டீபி. மூக்கைப் பொத்துறவங்க இப்பவே பொத்திக்குங்க. நான் பக்கத்துல வந்ததுக்குப் பிறகு பொத்தினா எனக்குக் கோவம் வரும்."

யாரோ ஒருத்தி இருமியிருக்கிறாள். "நீ இருமினா மிளகாய், நான் இருமினா டீபியா? நல்லா இருக்கே கதை" என்று அக்கா அவளைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முதலாளியும் நல்ல மாதிரியாகத்தான் பேசியிருக்கிறார். சுகமானதும் வாங்க, இடம் இருக்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

டீபி என்றால் எங்கள் பக்கத்தில் பயம் உண்டு. ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு கெடு உண்டு. ஆறு மாதம் குளிசை போட்டால் சுகம் என்று படிக்காத ஆளுக்கும் தெரியும். டீபி வந்து குணமான ஒருவர் தோட்டத்து லயக் குடியிருப்பு எல்லாவற்றிலும் இருப்பார். அவர் திரும்பவும் கல்யாண வீட்டில் பந்தியில் உட்காருவார், யாரும் எழுந்து போகமாட்டார்கள். அதனால்தான் அக்காவின் நாத்தனாரும் அப்படிப் பேசினாள். புருஷனின் அக்கா அவள், இவள் மதினி என்று கூப்பிடுவாள். டீபி என்று கேள்விப்பட்டதும் ஹுன்னஸ்கிரியவிலிருந்து இறங்கி வந்து, பிள்ளையின் உடுப்பையும் ஸ்கூல் பேக்கையும் எடுத்துக்கொண்டாள்.

"சுகமாகிட்டுன்னு டொக்டர் சொல்லட்டும், அடுத்த நாளே நானே கொண்டாந்து விடுறேன். ஆறு மாசம்தானே" என்றாளாம்.

அக்காவுக்கு அந்த ஒரு பிள்ளைதான். அப்போது பதினொரு வயதிருக்கும். ஆறு மாதம் முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு வருவது, அது ஒன்றைத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நாள் காலையிலும் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு நடந்து போய் நர்ஸ் மிஸ்ஸின் கண் முன்னால் குளிசை விழுங்க வேண்டும். விழுங்கியதும் மிஸ் கேட்பதற்கு முன்பே வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டுவாள். "பாத்துக்குங்க மிஸ், பிறகு ஒளிச்சு வச்சேன்னு சொல்லக்கூடாது."

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் அவளே சொன்னாள். மகள் சிறு பிள்ளையாக இருந்தபோது அவள் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். வேலை முடித்துத் திரும்புகிற அன்று, அந்த வீட்டு மேடம் பேக்கைச் சோதிக்க எழுந்து வந்திருக்கிறாள். அவள் கை வைப்பதற்கு முன் அக்கா தன் பேக்கைத் தலைகீழாகப் பிடித்து நடு ஹோலில் கொட்டிவிட்டாள். உள்ளாடை, சவர்க்காரம், மகளுக்கு வாங்கிய பொம்மை எல்லாம் கம்பளத்தின் மேல் கிடந்தன. மேடம் வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாளாம்.

"கை வைக்க விட்டா அது அவங்க செஞ்சது தம்பி. நானே கொட்டினா அது நான் செஞ்சது" என்றாள்.

டீபி என்று முடிவானதும் வழக்கப்படி இரத்தமும் எடுத்திருக்கிறார்கள். அதன் பதில் வந்த அன்று அவள் கண்டியிலிருந்து வாய் திறக்காமல் வந்தாள். எனக்கே என்னவோ போலிருந்தது. தென்னக்கும்புர பாலம் தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள்.

"நானே சொல்லிர்றேன் தம்பி. டீபி மட்டும் இல்ல. மத்ததும் இருக்கு. பேரு சொல்லணுமா?"

வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"சீட்டுல ஒட்டாது. மூச்சுலயும் வராது. அப்படியும் வண்டியக் கழுவணும்னா கழுவிக்குங்க, நான் பாக்காத நேரத்துல கழுவுங்க."

வண்டியை எடுத்தேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து அவளுடைய குரல் வந்தது. அது எனக்குச் சொன்னதா, தனக்கே சொன்னதா என்று தெரியவில்லை.

"எல்லாரும் வெளிநாட்டுல இருந்து கொண்டாந்தேன்னுதான் சொல்லுவாங்க. அங்க ஒவ்வொரு தடவையும் ரத்தம் பாத்துத்தான் விசா குடுத்தாங்க. ஒரு துளி இருந்தாலும் அடுத்த பிளேன்ல ஏத்தியிருப்பாங்க. டொக்டர் கேட்டாரு, ஒங்க புருஷன் எதுல செத்தாருன்னு. டீபின்னு சொன்னேன். அப்படித்தானே எனக்குச் சொன்னாங்க. கொழும்பு ஆஸ்பத்திரி வாட்டுல அவரு கிடந்தப்ப மதினியும் அவங்க வீட்டுக்காரரும்தான் கூட இருந்தாங்க. பெட்டிய மூடித்தான் கொண்டாந்தாங்க. 'அந்த நேரம் ஒங்கள ரத்தம் பாக்கக் கூட்டிட்டு வரச் சொல்லலியா?'ன்னு டொக்டர் கேட்டாரு. இல்லன்னேன். அவரு பேனாவ வச்சிட்டு என்னையே பாத்தாரு."

"மதினிகிட்ட போய்க் கேளுங்க அக்கா" என்றேன். நானாக அவளிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"கேட்டா பிள்ளை அங்கேயே இருந்துரும் தம்பி" என்றாள்.

எல்லாவற்றையும் முந்திச் சொல்கிற அந்த வாய், நாத்தனார் விஷயத்தில் மட்டும் மூடிக்கொண்டது. யார் கேட்டாலும் டீபி. புருஷனுக்கும் டீபி, தனக்கும் டீபி. மகளுக்கு டீபி பார்க்க வேண்டும் என்று சொல்லி, அவளையும் ஒருநாள் கண்டிக்குக் கொண்டுவரச் செய்து, இரண்டுக்கும் சேர்த்துச் சோதித்துவிட்டாள். பிள்ளைக்கு எதுவும் இல்லை. அன்று திரும்பும் வழியில் தெல்தெனியவில் இறங்கி மகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். தான் சாப்பிடவில்லை. மகள் நக்குவதைப் பார்த்துக்கொண்டே, "சிந்தாம சாப்பிடு, மாமா வண்டி" என்று இரண்டு மூன்று முறை சொன்னாள்.

ஆறு மாதம் நெருங்கியது. காய்ச்சல் போகவில்லை. இரவெல்லாம் வியர்த்துப் பாய் நனைந்துவிடுகிறது என்றாள். வயிறும் ஓடத் தொடங்கியிருந்தது. ஸ்வெட்டருக்குள் ஆள் இருக்கிறாளா என்று தேட வேண்டியிருந்தது. கண்டியில் திரும்பவும் கழுத்துக் கட்டியிலிருந்து எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், எலும்புக்குள்ளிருந்தும் எடுத்தார்கள். அதெல்லாம் கொழும்புக்குப் போய், அதில் இருக்கிற கிருமி மெதுவாக வளரும் வகை என்பதால் பதில் வர வாரக்கணக்கில் ஆனது.

பதில் சொல்லக் கூப்பிட்ட அன்று அவளால் தனியே நடக்க முடியவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். டொக்டர் சின்ன வயது. சிங்களத்தில்தான் பேசினார், ஆனால் பொறுமையாகப் பேசினார். என்னைப் பார்த்து யார் இவர் என்று கேட்க நிமிர்ந்தார். அக்கா விடுவாளா?

"புருஷன் இல்ல டொக்டர். த்ரீவீல்காரர். காது இருக்கு, வாய் இல்ல. நிக்கட்டும்."

டொக்டர் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட மாதிரி எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இது டீபி இல்லை என்றார். பார்ப்பதற்கு டீபிக் கிருமி போலவே இருக்கும், அதே குடும்பம், ஆனால் வேறு. தண்ணீரிலும் மண்ணிலும் எங்கேயும் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் அதைக் குடிக்கிறோம், அதில் குளிக்கிறோம். எங்களை ஒன்றும் செய்யாது. உடம்பில் காவல் இல்லாதவர்களுக்குள் மட்டும் புகுந்து, இரத்தத்தோடு ஓடி, ஈரல், குடல், எலும்பு என்று எல்லா இடத்திலும் உட்கார்ந்துவிடும். இவளுக்கு வந்திருப்பது அதிலும் அரிதான வகை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. டீபிக் குளிசையை நிறுத்திவிட்டு வேறு மருந்து கொடுக்க வேண்டும், அது நீண்ட காலம் எடுக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார்.

"அப்ப டீபியோட சொந்தக்காரனா?" என்றாள் அக்கா.

டொக்டர் சிரித்துக்கொண்டு ஆமாம் என்றார்.

"எனக்கு எப்பவும் சொந்தக்காரங்களாலதான் டொக்டர் சீரழிவு."

அதன் பிறகுதான் அவள் முகம் மாறியது. மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"டொக்டர், டீபியாவே இருக்கட்டும்."

அவருக்கு விளங்கவில்லை. திரும்பவும் விளக்கத் தொடங்கினார்.

"எனக்கு விளங்குது. மருந்த மாத்துங்க, நான் குடிக்கிறேன். பேர மட்டும் மாத்தாதீங்க. கொஞ்சம் நீண்டு போச்சுன்னு சொல்லுங்க. இன்னொரு ஆறு மாசம்னு சொல்லுங்க. டீபின்னா அங்கால ஒரு முடிவு இருக்கு டொக்டர். இது டீபி இல்லன்னா, பிறகு என்னன்னு கேப்பாங்க."

"இது நல்ல செய்திதானே அம்மே. தொத்தாது" என்றார் டொக்டர். "பயப்படாம பிள்ளையோட இருக்கலாம்."

"தொத்துற நோய் வந்தா திரும்பி வரலாம் டொக்டர். இது வந்தா வர முடியாது."

டீபி நோயாளிகளின் பட்டியலில் அவளுடைய பெயரை வைத்திருக்க முடியாது என்று அவர் சொன்னார். சட்டப்படி அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். நாளையிலிருந்து பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் குளிசை விழுங்கப் போகத் தேவையில்லை என்றும் சொன்னார். ஆறு மாதம் டீபிக்காரியாக இருந்துவிட்டு, அன்று பகல் அவள் பெயரில்லாத நோய்க்காரியாக வெளியே வந்தாள்.

திகனயில் நடந்தது நாங்கள் எதிர்பார்க்காதது. காலையில் அவள் குளிசைக்குப் போகவில்லை என்பதைக் கண்ட வீட்டுக்கார உம்மா என்னவென்று விசாரித்திருக்கிறா. அக்கா உள்ளதைத்தான் சொன்னாள்.

"டீபி இல்லன்னு சொல்லிட்டாங்க உம்மா."

"அல்ஹம்துலில்லாஹ்! சொகமாகிட்டு எண்டு செல்லுங்களே!" என்று உம்மா கையைத் தூக்கி துஆ கேட்டுவிட்டு, பின்னேரம் ஒரு கோப்பை நிறைய வட்டிலப்பம் அனுப்பினா. தெருவில் எல்லோரும் அப்படியே விளங்கிக்கொண்டார்கள். ஆறு மாதம் முடிந்தது, டீபி இல்லை, அப்படியானால் சுகம். வேறு எப்படி விளங்குவார்கள்? மருந்து நிறுத்தியது சுகமானதால்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அக்கா வட்டிலப்பத்தை மூடி வைத்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"வண்டிய எடுங்க தம்பி. ஹுன்னஸ்கிரியவுக்குப் போவோம். இந்தச் செய்தி பழசாக முன்ன போகணும்."

மலையேறும்போது இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தி அவளை இறக்க வேண்டியிருந்தது. லயத்துக்குப் பக்கத்தில் வந்ததும் துவாயைக் கழற்றி, சேலையைச் சரி செய்து, உதட்டை ஈரமாக்கிக்கொண்டாள். நாத்தனார் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். தலையில் கட்டிய துணி கூட அவிழ்க்கவில்லை. நான் வாசலோரம் நின்றேன். உள்ளே வரச் சொன்னார்கள், நான் போகவில்லை. கதவு திறந்துதான் இருந்தது.

"டீபி இல்லன்னு டொக்டர் சொல்லிட்டாரு மதினி. பிள்ளையக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"டீபி இல்லன்னா பிறகு ஏன் புள்ள இப்படி உருகிக் கிடக்கிற?"

பக்கத்து வீட்டு டீவி கேட்டுக்கொண்டிருந்தது. இருவருக்கும் தெரியும். நாத்தனாருக்குத் தெரியும் என்பது அக்காவுக்குத் தெரியும். ஆனால் நாத்தனார் அந்தப் பெயரைச் சொன்னால், தனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும்.

"ஒங்க தம்பியும் இப்படித்தானே மதினி உருகினாரு?" என்றாள் அக்கா, சின்னக் குரலில். "அவருக்கும் டீபிதானே?"

நாத்தனார் தலைத்துணியை அவிழ்த்து உதறினாள். பிறகு உள்ளே போய் பிள்ளையின் உடுப்பை மடிக்கத் தொடங்கினாள். மகள் ஓடி வந்து அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அக்கா கொஞ்சம் ஆடிப்போய்க் கதவு நிலையைப் பிடித்தாள்.

வண்டியில் ஏறியதும், "மிரட்டித்தான் கூட்டிட்டு வாறேன் தம்பி. நீங்க நினைக்க முன்ன நானே சொல்லிர்றேன்" என்று என் காதில் சொன்னாள்.

இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேலாக அந்தப் பிள்ளை அவளோடு இருந்தது. நான் காலையில் பிள்ளையை ஸ்கூலுக்கு ஏற்றிப்போவேன். அக்கா கதவருகில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து தலை பின்னிவிடுவாள். பின்னி முடிக்கும் முன் கை சோர்ந்துவிடும்; பிள்ளை மீதியைத் தானே பின்னிக்கொள்ளும். கொதித்தாறிய தண்ணீர் எப்போதும் பெரிய கேத்தலில் இருக்கும். "மகாவலியையே காச்சிக் குடிச்சாலும் இவன் போகமாட்டான்" என்று அதைப் பார்த்துச் சொல்வாள். ஒரு பேக் நிறைய மருந்து. அந்த நோய்க்கு ஒன்று, இந்தக் கிருமிக்கு மூன்று. எல்லாவற்றின் மேலும் ஒட்டியிருந்த தாளை உரித்துவிட்டிருந்தாள்.

ஆனால் வட்டிலப்பத்தின் இனிப்பு அதிக நாள் நிற்கவில்லை. உம்மா ஒருநாள் கதவடியில் வந்து நின்றா.

"டீபியும் இல்ல எண்டு செல்றீங்க. பொறகு எனத்த தங்கச்சி இந்தக் காய்ச்சல்?"

"டீபியோட சொந்தக்காரன் உம்மா. அவன் போனான், இவன் வந்திருக்கான்."

"சொந்தக்காரன் வந்தா சோறு குடுத்து அனுப்பத்தானே வேணும். இவன் ஒங்களயில்ல திங்கிறான்."

உம்மா கெட்டவ இல்லை. ஆனால் அடுத்த கிழமை, கொடியில் காய்ந்த அக்காவின் துணிக்கும் தன் வீட்டுத் துணிக்கும் நடுவே ஒரு பழைய பாயைத் தொங்கவிட்டிருந்தா. பிறகு வேறு குடித்தனம் வரப்போகிறது, அறையை இடித்துப் பெருப்பிக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. டீபிக்காரியாக இருந்த ஆறு மாதத்திலும் யாரும் அறையைப் பெருப்பிக்க நினைக்கவில்லை.

அதற்கு அவசியம் வரவில்லை. அக்காவை வாட்டில் சேர்த்தார்கள். நாத்தனார் வந்து பிள்ளையை மேலே கூட்டிப் போனாள். இந்த முறை ஆறு மாதம் என்றெல்லாம் பேச்சே இல்லை. அக்கா கட்டிலில் கிடந்தபடி, "கூட்டிட்டுப் போங்க மதினி. நீங்க கேக்க முன்ன நானே சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள். பிள்ளை அழுதது. அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தச் சின்ன வயது டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். ஒரு மூன்று வருடம் முந்தி வந்திருந்தால் இந்தக் கிருமி இவளைத் தொட்டிருக்காது, நம்மைப் போல நடமாடிக்கொண்டிருப்பாள் என்றார். நான் தலையாட்டினேன். மூன்று வருடம் முந்தி அவள் வரவில்லை என்று அவர் சொன்னார். அவளைக் கூட்டி வரவில்லை என்று நான் அவருக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது?

கடைசியாகப் போன அன்று அவளுக்குப் பேச்சு மெல்ல மெல்லத்தான் வந்தது. காதைப் பக்கத்தில் கொண்டு போனேன்.

"யாரு கேட்டாலும் டீபி தம்பி. பிள்ளை கேட்டாலும் டீபி. பெரிசான பிறகு கேட்டாலும் டீபி."

சரி என்றேன்.

அக்காவின் பிரேதத்தைத் தோட்டத்தில்தான் எடுத்தார்கள். செத்த வீட்டில் நாத்தனார் வருகிறவர்களிடமெல்லாம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். "டீபிங்க. எங்க தம்பியையும் அதுதான் கொண்டு போச்சு. இவளையும் விடல." அக்கா டொக்டரிடம் மேசையைப் பிடித்துக்கொண்டு கேட்டதை, யாரும் கேட்காமலே நாத்தனார் கொடுத்துவிட்டாள். தம்பியின் பேருக்காகக் கொடுத்தாள். அக்காவுக்காக இல்லை.

கருமாதிக்கும் போனேன். எல்லோரும் போன பிறகு நாத்தனார் என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் கேட்காமலே பேசத் தொடங்கினாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"கொழும்புல டொக்டர் அப்பவே சொன்னாருங்க, பொஞ்சாதியக் கூட்டிட்டு வாங்கன்னு. என்னத்தச் சொல்லிக் கூட்டிட்டுப் போறது? எங்க தம்பிய இப்படி ஆளுன்னு அவ நினைச்சிருக்க மாட்டாளா? லயத்துல நாலு பேருக்குத் தெரிஞ்சா எங்க வீட்டுப் பிள்ளைகள யாரு எடுப்பா?"



"அவளும் நல்லாத்தானே இருந்தா அப்ப" என்றாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, தேத்தண்ணி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தாள்.

பிள்ளைதான் தேத்தண்ணி கொண்டு வந்தது. ஒரு கையில் எனக்கு, மறு கையில் தனக்கு. அதனுடைய கிளாஸின் அடியில் சிவப்பு நகப் பூச்சால் ஒரு பெரிய புள்ளி வைத்திருந்தது. அதன் தட்டும் குளிக்கிற கோப்பையும் ஜன்னலோரம் வேறாக இருந்தன, அவற்றிலும் அதே புள்ளி. எனக்கு நாலடி தள்ளி, படியில் பிள்ளை உட்கார்ந்தது.

"இங்க வா பிள்ளை, பக்கத்துல இரு" என்றேன்.

"வேணாம் மாமா. அத்தை தள்ளித்தான் இருக்கச் சொன்னாங்க. எனக்கும் இருக்கலாமாம். பிறகுதான் தெரிய வருமாம்."

"ஒனக்கு ஒண்ணும் இல்ல. டொக்டர் பாத்தாரு. அம்மாவுக்கு இருந்தது தொத்துறது இல்ல."

பிள்ளை என்னை ஒரு மாதிரிப் பார்த்தது.

"அம்மாவுக்கு டீபிதானே மாமா?"

உள்ளே நாத்தனார் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது.

"ஓம் பிள்ளை, டீபிதான்" என்றேன்.

"டீபி தொத்தும் மாமா" என்றது பிள்ளை. தெரியாத ஆளுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னது. "காத்துலயே வரும். எங்க சயன்ஸ் புத்தகத்துல படத்தோட போட்டிருக்கு."